ஒரு கப் காபியும் என் ஏத்தங்காய் வற்றலும்

2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். அடுப்பை அணைத்துவிட்டு, அடுக்களைத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தேன். எதிரே மூங்கில் தட்டுகளில் 20 கிலோ ஏத்தங்காய் வற்றல் ஆறிக்கொண்டிருந்தது. வெளியூர்ச் சகோதரிகள் நேந்திரங்காய் சிப்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். பொன் நிறத்தில், மொறுமொறுவென்று, தேங்காய் எண்ணெய் மணத்தோடு இருந்தது. பார்க்கிறவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கோ கண்ணில் நீர் ஊறியது.

"நம்மால் இது முடியாது. ஏதோ ஒரு ஆசையில் இறங்கிவிட்டோம். மரியாதையாக நிறுத்திவிடலாம்" என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன். அந்த முடிவு எப்படி மாறியது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். வீட்டிலிருந்தே ஊறுகாய், பொடி வகை, தையல், பூ கட்டுதல் என்று ஏதாவது தொழில் செய்துகொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தவிக்கிற சகோதரி யாராவது இதைப் படிக்கக்கூடும் அல்லவா?

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு சரி. பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து, நாகர்கோவில் வடசேரியில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

2018-ஆம் ஆண்டு ஓணத்துக்கு வீட்டுக்கென்று வறுத்த வற்றலில் கொஞ்சம் எதிர்வீட்டு மைனிக்குக் கொடுத்தேன். "இதை விலைக்குக் குடுப்பியா பிள்ளே?" என்று அவர் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் 2 கிலோ. பிறகு 5 கிலோ. நான்கு வருஷத்தில் எட்டுக் கடைகளுக்கு வாரம் 40 கிலோ கொடுக்கிற அளவுக்கு வந்தது. உதவிக்கு அக்கம்பக்கத்து எக்காமார் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் தோல் உரித்துக் கொடுப்பார், ஒருவர் உருளியின் மேலேயே கட்டையில் சீவி விடுவார். உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைத் தெளித்து, பதம் பார்த்து அரித்து எடுப்பது என் வேலை. அந்தப் பதம் என் அம்மை சொல்லிக்கொடுத்தது. எண்ணெயின் சலசலப்பு அடங்குகிற சத்தத்தைக் காதால் கேட்டே எடுத்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி நின்றுபோயிற்று. 2022-இல் எட்டுக் கடை, 40 கிலோ. 2025-இலும் அதே எட்டுக் கடை, அதே 40 கிலோ. உழைப்பு மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. கையில் காசு நிற்கவில்லை.

கூடவே ஒரு அடியும் விழுந்தது. 2024 ஐப்பசியில் அடைமழை. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம் இருக்கும். அந்த மழையில் ஒரு கடைக்குக் கொடுத்த 15 கிலோ வற்றல் அப்படியே திரும்பி வந்தது. நமத்துப்போய், லேசாகச் சிக்கு வாடையும் அடித்தது. கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினேன்.

அன்று முதல் என் மனசில் ஒரு புழு புகுந்துகொண்டது. எனக்குக் கைராசி போய்விட்டது என்று நினைத்தேன். இத்தனை நாள் விற்றதெல்லாம் ஏதோ அதிர்ஷ்டம், இப்போது சாயம் வெளுத்துவிட்டது என்று தோன்றும். கடைக்குப் போனால் பொட்டலத்தை வைத்துவிட்டு, கடைக்காரர் முகத்தைக்கூடப் பாராமல் திரும்பிவிடுவேன். 2025 தை மாதம் ஒரு கல்யாண வீட்டார் 1,000 முந்திரிக்கொத்துக் கேட்டு வந்தார்கள். முந்திரிக்கொத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் "என்னால முடியாது, வேற இடத்துல பாருங்கோ" என்று அனுப்பிவிட்டேன். அந்த இரவு தூக்கமே இல்லை. ஏற்றுச் செய்திருந்தால் கெட்டுப்போகுமோ என்ற பயம் ஒரு பக்கம், விட்டுவிட்டோமே என்ற வருத்தம் மறு பக்கம்.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. தலைவலி, வயிற்றெரிச்சல், எதற்கெடுத்தாலும் மகளிடம் எரிந்து விழுவது என்று உடம்பும் மனசும் கெட்டன. இவரும் பார்த்துப் பார்த்து, "விட்டுரு. உடம்பக் கெடுத்துக்கிட்டு என்னத்துக்கு இந்த வேலை?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வேலைக்கு வருகிற எக்காமார் இரண்டு பேரை நினைத்தால் நெஞ்சு கனக்கும். அதில் ஒருவர் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தக் கூலியில்தான். நான் நிறுத்தினால் என் வீட்டோடு அது நிற்காது.

கரிக்கட்டைக் கணக்கு

அந்த ஆடி மாதச் சாயங்காலத்துக்கு வருகிறேன். நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து மாமியார் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"என்ன மக்ளே, இப்பிடி இருந்து அழுதே?"

"ஒண்ணுமில்லே அத்தை. எனக்கு இந்த வியாபாரம் ஒத்து வராது. கைராசி போயிட்டு."

"கைராசியும் கால்ராசியும்! அது கெடக்கட்டும். ஒரு கிலோ வத்தலுக்கு உனக்கு என்ன அடக்கம்? அதைச் சொல்லு பாப்போம்."

நான் விழித்தேன். "ஒரு நாப்பது அம்பது ரூவா மிஞ்சும்னு நெனைக்கேன்" என்று இழுத்தேன்.

"நெனைக்கப்படாது. எழுதணும்" என்றார்.

மாமியார் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். வீட்டுக்கு வீடு எத்தனை ஆழாக்கு என்று அடுக்களைச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைப்பாராம். மாதக் கடைசியில் ஒரு கோடு பிசகாது. "அளக்காம அள்ளிப் போட்டா பத்தாயமும் காலியாயிரும் மக்ளே" என்று சொல்லி, மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வரச் சொன்னார். அன்றைய 20 கிலோவுக்கு ஆன செலவை ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் எழுதினேன்.

ஏத்தங்காய் 60 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 2,700. தேங்காய் எண்ணெய் 7 லிட்டர், லிட்டர் 420 வீதம் 2,940. எக்காமார் இருவர் கூலி 800. காஸ் 300. கவர், லேபிள், உப்பு, மஞ்சள் 200. சந்தைக்கும் கடைகளுக்கும் ஆட்டோ 260. ஆக மொத்தம் 7,200 ரூபாய். கிலோவுக்கு 360.

நான் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விலை என்ன தெரியுமா? கிலோ 340!

20 கிலோவுக்கு 6,800 ரூபாய்தான் வரும். ஒவ்வொரு தடவை அடுப்பைப் பற்றவைக்கும்போதும் 400 ரூபாயை அதில் போட்டு எரித்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் 800. இதில் என் கூலி என்று ஒரு பைசா சேர்க்கவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து வெக்கையில் நிற்கிறேனே, அந்த உழைப்புக்கு விலையே போடவில்லை.

எப்படி இது தெரியாமல் போயிற்று? எண்ணெயை மாதக் கணக்கில் கடனாக வாங்கி வந்தேன். வற்றல் விற்ற காசு டப்பாவில் விழும், வீட்டுச் செலவுக்கும் அதிலிருந்தே எடுப்பேன். மாதக் கடைசியில் எண்ணெய்ப் பாக்கிக்குக் காசு போதாது. இவருடைய வருமானத்திலிருந்து எடுத்துக் கட்டிவிடுவோம். டப்பாவில் எப்போதும் ஏதோ காசு கிடந்ததால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த 340 ரூபாய் விலையை நான் போட்டது 2023-இல். அப்போது லிட்டர் 200 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினேன். மற்ற செலவையெல்லாம் இன்றைய விலையிலேயே வைத்தாலும், அந்த எண்ணெய் விலைக்கு 20 கிலோவுக்கு 5,660 ரூபாய்தான் ஆகும். 1,140 ரூபாய் மிஞ்சும். நல்ல விலைதான் அது. பிறகு தேங்காய் வரத்துக் குறைந்து எண்ணெய் ஏற ஆரம்பித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2025 நடுவில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிற்று. எல்லாக் கடைகளிலும் பலகாரம் விலை ஏறிற்று. நான் மட்டும் ஏற்றவில்லை. ஏன்?

பயம்தான் சகோதரிகளே. "15 கிலோ கெட்டுப்போன வற்றல் கொடுத்தவள், எந்த முகத்தோடு விலையைக் கூட்டிக் கேட்பாள்?" என்று நானே எனக்குத் தண்டனை விதித்துக்கொண்டேன். என்னைப் பற்றிய சந்தேகத்தால் விலையை ஏற்றவில்லை. விலையை ஏற்றாததால் நஷ்டம். நஷ்டம் வருவதால் "நான் லாயக்கில்லாதவள்" என்ற சந்தேகம் இன்னும் கூடிற்று. செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

நோட்டைப் பார்த்தபோது நஷ்டத்தை நினைத்துத் திக்கென்றது. கூடவே, உண்மையாகவே சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது. தப்பாக இருந்தது ஒரு கணக்கு. கணக்கென்றால் திருத்திவிடலாமே!

முதல் நாள் தோல்வி

எனக்கு 500 ரூபாய் கூலி போட்டோம். 7,200-உடன் சேர்த்து 7,700. கிலோவுக்கு 385 அடக்கம். உடைசல், கருகல், திடீர்ச் செலவு எல்லாம் உண்டே! அதனால் கடைக்கு 430 ரூபாய் என்று முடிவு செய்தோம். அப்படிக் கொடுத்தால் 20 கிலோவுக்கு 8,600 வரும். என் கூலி போக 900 ரூபாய் நிற்கும்.

நோட்டில் எழுதுவது சுலபம். கடை வாசலில் நின்று வாய் திறந்து சொல்ல வேண்டுமே! மறுநாள் போன முதல் கடையில், "விலை கொஞ்சம் கூட்டணும்" என்று ஆரம்பிப்பதற்குள் தொண்டை வற்றிவிட்டது. கடைக்காரர் கையை விரித்தார். "அப்படின்னா வேண்டாம். வேற ஆளு இருக்கு" என்றார். எட்டில் ஒன்று போயிற்று. மற்ற கடைகளுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. நேரே வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

இரவு மகள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "அம்மா, நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர் கதை சொல்லட்டா?" என்றாள். அவள் சொன்னது பாட்ரீசியா நாராயண் என்பவரைப் பற்றி.

நாகர்கோவிலைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்துப் பெண் அவர். திருமண வாழ்க்கை சரியாக அமையாமல், இரண்டு குழந்தைகளோடு சென்னையில் பெற்றோரிடம் திரும்பினார். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்தார். அவருடைய அம்மா அவற்றைத் தம் அலுவலகத்தில் விற்றுக்கொடுத்தார். 1982 ஜூன் மாதம் மெரினா கடற்கரையில், அண்ணா சதுக்கத்தருகே ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டார். உடல் ஊனமுற்ற இருவரை டீ, காபி போடப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொண்டார். கட்லெட், சமோசா, ஜூஸ் என்று எல்லாம் தயார். முதல் நாள் என்ன விற்றது தெரியுமா? ஒரே ஒரு கப் காபி. 50 பைசா!

வீட்டுக்கு வந்து அழுதாராம். நாளைக்குப் போக மாட்டேன் என்றாராம். அவருடைய அம்மாதான் தேற்றியிருக்கிறார். ஒரு கப்பாவது விற்றதே, அது நல்ல சகுனம், நாளைக்கு இன்னும் நன்றாகப் போகும் என்று. மறுநாளும் போனார். அன்றைக்கு 600, 700 ரூபாய்க்கு விற்றதாம். பிறகு அலுவலகக் கேன்டீன்கள், ஓட்டல் என்று வளர்ந்தார். 2004-இல் மகளையும் மருமகனையும் ஒரு சாலை விபத்தில் பறிகொடுத்தார். அந்த இடியிலிருந்தும் எழுந்து, மகள் நினைவாக 2006-இல் 'சந்தீபா' என்ற உணவகத்தைத் தொடங்கினார். 2010-இல் இந்திய வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு அவருக்குச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது கொடுத்தது.

"அந்த முதல் நாளோட நிறுத்தியிருந்தா, அம்பது பைசாதான் அவங்க வியாபாரம்னு ஆயிருக்கும்லாம்மா?" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வண்டியில் இருந்த சாமான் முதல் நாளும் அதேதான், மறுநாளும் அதேதான். கையும் அதே கை. ஒரு நாள் விற்காததை வைத்துத் தம்மால் முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால், அந்தத் தீர்ப்பு தப்பாகத்தானே இருந்திருக்கும்? நானோ ஒரே ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பாக்கி ஏழு கடையும் கேட்காமலே படுத்துவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னது

மறுநாள் காலை, நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போனேன். வயசான அண்ணாச்சி. அவர் என்ன சொல்வாரோ என்று படபடப்பு. மனசுக்குள் இரண்டு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்: "அண்ணாச்சி, எண்ணெய் வெலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிட்டு. கிலோ 430 ஆனாத்தான் எனக்குக் கட்டுப்படியாவும்."

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எம்மா, நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். தேங்காண்ணெ விக்குத வெலைக்கு நீ எப்பிடிப் பழைய வெலைக்குக் குடுக்கே? எண்ணெயை மாத்திட்டியோன்னு வாங்குத ஆளுவளே கேக்காவ. நான் என்ன பதில் சொல்ல?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். குறைந்த விலைக்குக் கொடுத்தால் நல்ல பெயர் நிலைக்கும் என்று நான் நினைத்திருக்க, அந்தக் குறைந்த விலையே என் சரக்கின் மேல் சந்தேகத்தை உண்டாக்கியிருக்கிறது! இது என் புத்திக்கு எட்டவே இல்லை.

எட்டுக் கடையில் இரண்டு போயிற்று. ஆறு நின்றது. 40 கிலோ 30 கிலோவாகக் குறைந்தது. ஆனால் முன்பு வாரம் 800 ரூபாய் கையை விட்டுப் போன இடத்தில், இப்போது என் கூலியும் வந்து மேலே கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. எக்காமாருக்கு வேலை நாள் குறைந்துவிடுமே என்பதுதான் கவலையாக இருந்தது. அதற்கு வழி பிறகு வந்தது, சொல்கிறேன்.

மழைக்கு ஒரு கட்டிலும் ஸ்டவ்வும்

விலை சரியாயிற்று. நமத்துப் போன 15 கிலோவின் பயம் மட்டும் போகவில்லை. அடுத்த ஐப்பசியில் மழை வருமே! அப்போது எனக்குத் தைரியம் கொடுத்தது, லிஜ்ஜத் அப்பளம் பிறந்த கதை.

1959 மார்ச் 15-ஆம் தேதி, பம்பாயில் கிர்காம் பகுதியில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு கட்டிட மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் 4 பாக்கெட் அப்பளம். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று பல்லாயிரம் பெண்கள் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்த முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் தொழிலையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. "நமக்கு ராசியில்லை" என்று அவர்கள் கலைந்து போய்விடவில்லை. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே ஸ்டவ்வை வைத்துக் காயவைத்தார்கள். மழை பாட்டுக்குப் பெய்தது, அப்பளம் பாட்டுக்குக் காய்ந்தது!

என் கட்டிலும் ஸ்டவ்வும் எது என்று யோசித்தேன். சிக்கு வாடை எதனால் வந்தது? மீந்த எண்ணெயிலேயே புது எண்ணெயை விட்டுவிட்டு மறுபடி மறுபடி வறுத்ததால். நமத்துப் போனது எதனால்? வற்றலை ராத்திரி முழுக்கத் திறந்த தட்டில் போட்டுவிட்டு மறுநாள் காலை பொட்டலம் கட்டியதால். பிளாஸ்டிக் கவரை மெழுகுதிரியில் காட்டி ஒட்டியது வேறு. அதில் காற்றுப் புகாமல் என்ன செய்யும்?

இப்போது மீந்த எண்ணெயை அடுத்த வறுப்புக்குச் சேர்ப்பதில்லை. வற்றல் நன்றாக ஆறினதும் அன்றைக்கே கட்டிவிடுகிறோம். சூடு இருக்கும்போது கட்டினால் உள்ளே வேர்த்துவிடும், ரொம்ப நேரம் விட்டால் ஈரம் இழுத்துவிடும். நடுவில்தான் பதம். கவரை ஒட்டுவதற்குக் கையால் அழுத்துகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன். மழை நாளில் ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலத்தைத் தேதி எழுதி வீட்டிலேயே எடுத்து வைத்து, பத்தாம் நாள் பிரித்துத் தின்று பார்க்கிறோம். 2025 ஐப்பசி மழையில் ஒரு பொட்டலம்கூடத் திரும்பி வரவில்லை.

ஒரு வருஷம் முழுக்க நான் 'கைராசி' என்று நினைத்து அழுதது, பழைய எண்ணெயும் மெழுகுதிரியும்!

பெரிய படிப்பாளிகளுக்கும் உண்டாம்

இவ்வளவுக்குப் பிறகும் மனசில் அந்தக் குரல் அடிக்கடி வரும். "ஏதோ தப்பித்தாய். என்றைக்காவது உன் சாயம் வெளுக்கும்" என்று. மகளிடம் சொன்னேன். அவளுக்குக் கல்லூரியில் உளவியலும் ஒரு பாடம். அவள் சிரித்தாள். 1978-இல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்று இரண்டு பெண் மனநல அறிஞர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்து, பேரும் வாங்கிய பெண்கள் 150 பேருக்கு மேல் அவர்கள் பார்த்தார்களாம். அந்தப் பெண்கள் பலரும் "எனக்கு உண்மையில் திறமை கிடையாது, மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம்!

பெரிய பெரிய படிப்பாளிகளுக்கே இந்தக் குரல் கேட்கும் என்றால், பத்தாம் வகுப்பு படித்த எனக்குக் கேட்பதில் என்ன ஆச்சரியம்? இப்போது அந்தக் குரல் வந்தால் நான் அதோடு வாதாடுவதில்லை. நோட்டைப் பிரிக்கிறேன். அதில் இருப்பதை அது மாற்ற முடியாது.

ஆனால் ஒன்று. எல்லா மனச்சோர்வும் கணக்கு நோட்டில் தீராது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், அது உடம்புக்கு வருகிற காய்ச்சல் மாதிரிதான். டாக்டரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற இலவச ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என் அனுபவத்தில் சில யோசனைகள்

1. அடக்க விலையை மாதம் ஒரு தடவையாவது எழுதிப் பாருங்கள். உங்கள் கூலியை முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசியில் எழுதலாம் என்றால் அது விட்டுப்போகும்.

2. வியாபாரக் காசும் வீட்டுக் காசும் ஒரே டப்பாவில் கிடக்க வேண்டாம். உங்கள் கூலியை மட்டும் வீட்டு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

3. விலை ஏற்றும்போது காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இழுக்காதீர்கள். முதல் கடையில் நான் இழுத்தேன், அண்ணாச்சியிடம் நேரே சொன்னேன். வித்தியாசம் எனக்கே தெரிந்தது.

4. ஏதாவது கெட்டுப்போனால், "நான் ஏன் இப்படி?" என்று கேட்காமல், "இது ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

5. தின்பண்டம் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்கும்போது நமக்கே ஒரு நிமிர்வு வருகிறது.

6. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். கரிக்கட்டைக் கோடு போட்டவர்களுக்குக் கணக்குத் தெரியும்!

எக்காமாரின் கவலைக்கு வழி வந்தது என்றேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன். 2025 ஆவணி முகூர்த்தத்துக்கு மறுபடியும் ஒரு கல்யாண வீட்டார் முந்திரிக்கொத்துக் கேட்டு வந்தார்கள். இந்தத் தடவையும் 1,000. "முடியாது" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

அன்றைக்கே சிறுபயறு வறுத்துத் திரித்து, வெல்லப் பாகும் தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி மாவில் முக்கிப் பொரித்து, 50 கொத்து மட்டும் செய்து பார்த்தேன். செலவையும் நேரத்தையும் எழுதினேன். மறுநாள் விலையைச் சொன்னேன், பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டேன். அவர்கள் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள். எக்காமார் இருவருக்கும் கூடுதலாக நான்கு நாள் வேலை. அதற்குப் பிறகு மாதம் ஒன்றிரண்டு விசேஷ வீடு வந்துகொண்டிருக்கிறது. வற்றலில் குறைந்த வேலை இதில் ஈடாகிவிடுகிறது.

நான் பெரிய பணக்காரி ஆகிவிடவில்லை. இன்றும் ஆறு கடைதான். ஏழாவது கடை ஒன்றைக் கோட்டாறில் பார்த்து வைத்திருக்கிறேன். போய்க் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள்.

சொல்லட்டும். எட்டாவது கடை என்று ஒன்று இருக்குமல்லவா? வியாழக்கிழமை காலையில் போகிறேன். பொட்டலங்கள் கட்டியாயிற்று. நோட்டையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.